கத்திரி வெயிலில் பனிக்கடி

கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு காலை. ஆண்கள் வார்டில் மின்விசிறிகள் சுற்றியும் எல்லோருக்கும் வியர்வை வழிந்தது. பெரிய டாக்டர் தன் மாணவர்களை என் மகன் லாரன்சின் கட்டிலைச் சுற்றி நிற்கவைத்தார். அவனுடைய வலது முட்டியில் கோழிமுட்டை அளவுக்குக் கொப்புளங்கள் எழும்பியிருந்தன.

"நல்லா பாத்துக்குங்க. இதுக்குப் பேர் ஃப்ராஸ்ட் பைட், பனிக்கடி. பனிமலையில ஏறுறவங்களுக்கு வர்றது. மெட்ராஸ்ல இன்னொரு தடவை பாக்கமாட்டீங்க" என்றார்.

மாணவர்கள் குனிந்து பார்த்தார்கள். ஒரு பெண் மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "சார், இவர் எந்த மலையிலேருந்து வந்தார்?"

"மலையிலேருந்து வந்தப்ப தோல் நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்றார் டாக்டர். "இங்க வந்துதான் இப்படி ஆச்சு."

இன்றைக்கும் ராயபுரத்தில் எங்கள் தெருவில் இதைப்பற்றிக் கேட்கிறார்கள். நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்கு வாய் வராது. ஐந்தாவது வரை படித்ததில் எழுத்து மட்டும் கூடவே வந்தது. அதனால் எழுதிவைக்கிறேன். வீட்டில் யாருக்காவது முட்டி வீங்கிக் கிடந்தால் அவர்களுக்கும் இது பயன்படும்.

லாரன்ஸ் பத்தாவதில் தோற்றதும், வடநாட்டுக்கு ஆட்களைச் சுற்றுலா கூட்டிப்போகும் ஒரு கம்பெனியில் சமையல் எடுபிடியாகச் சேர்ந்தான். ரயிலில் போகும் கூட்டத்துக்கு இட்லியும் சாம்பாரும் இங்கிருந்து போகிற ஆட்கள்தான் செய்து போட வேண்டும். அப்படி மனாலி என்ற மலையூருக்குப் போனவன், அடுத்த வருடம் மறுபடி போனபோது கூட்டத்தோடு திரும்பி வரவில்லை. பனி பார்க்க வருகிறவர்களுக்கு பூட்சும் கோட்டும் வாடகைக்கு விடும் கடை ஒன்றில் வேலைக்கு நின்றுவிட்டான். ஸ்னோபோர்டு கற்றுக்கொள்கிறேன், போட்டிக்குப் போகிறேன் என்று போனில் சொல்வான். சரிப்பா என்பேன். அது என்னவென்று நான் கேட்டதில்லை. மகனிடம் கேட்கவும் எனக்குக் கூச்சம்தான்.

என் மனைவி பிலோமினா மீன் விற்கிறவள். கூச்சம் என்ற பேச்சே அவளிடம் கிடையாது. ஆனால் அவளும் போனில், "சோறு துன்னியா? சொட்டர் போட்டுகினியா?" என்பதற்கு மேல் கேட்டதில்லை.

ஏப்ரல் கடைசியில் அவன் ஊருக்கு வந்தான். வாசற்படியில் கால் வைத்தவன் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டான். முட்டி ஒரு பக்கமாக நழுவிப்போய்த் திரும்பி வந்ததை நானே பார்த்தேன்.

"இன்னாடா இது, கதவுகீல் மாரி ஆடுது?" என்று பிலோமினா கத்தினாள்.

"விழுந்துட்டேம்மா. ஒண்ணுமில்ல. வீங்கும், அப்பால வத்திப்பூடும்."

"எப்ப விழுந்த?"

"பிப்ரவரில."

"பிப்ரவரில வுழுந்துட்டு இப்ப வந்து ஒண்ணுமில்லன்றான் பாரு" என்று என்னைப் பார்த்தாள். மறுநாள் காலை நாங்கள் மூவரும் பெரியாஸ்பத்திரியில் சீட்டு வாங்கும் வரிசையில் நின்றோம்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் காத்திருப்பதே ஒரு வேலை. பெஞ்சில் இடம் கிடைத்தால் எழுந்திருக்கக் கூடாது. ஒருவர் உட்கார்ந்து, ஒருவர் வரிசையில் நின்று, ஒருவர் டீ வாங்க வேண்டும். முதல் நாள் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் ஒன்றும் இல்லை என்றார்கள். பிலோமினா அப்போதே வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டாள். ஆனால் டாக்டர் அவனைப் படுக்கவைத்து, காலை மடக்கி, கெண்டைக்காலைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்துவிட்டு, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதிக்கொடுத்தார். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். இதில் உள்ளே இருக்கும் நரம்பு, சதை எல்லாம் தெரியும். ஒரு குழாய்க்குள் படுக்கவைத்துத் தள்ளிவிடுகிறார்கள். வலி இல்லை. ஆனால் தகரத்தைச் சம்மட்டியால் அடிப்பதுபோலச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்குமாம்.

படம் வந்ததும் டாக்டர் தன் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே வைத்துக் காட்டினார். முட்டிக்குள் இப்படி இரண்டு கயிறுகள் இருக்கின்றனவாம். லிகமெண்ட் என்று பெயர். தொடை எலும்பையும் கால் எலும்பையும் அவை கட்டிப்போட்டிருக்கின்றன. முன்பக்கக் கயிறு லாரன்சுக்கு அறுந்துவிட்டது. அறுந்த கயிறு தானாக ஒட்டாது. தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு தசைநாரை எடுத்து, எலும்பில் துளை போட்டு, அதை உள்ளே இழுத்து ஸ்க்ரூ வைத்து முடுக்க வேண்டும்.

"செஞ்சா திரும்ப போர்டு ஓட்டலாமா சார்?" இதைத்தான் அவன் முதலில் கேட்டான்.

"ஓட்டலாம். ஒன்பது மாசம் ஆகும். ரொம்ப ஒழுங்கா இருந்தா எட்டு."

அவன் விரல்விட்டு எண்ணுவதைப் பார்த்தேன். வரும் ஜனவரிக் கடைசியில் ஒரு தேர்வு ஓட்டம் இருந்தது. அதில் முதல் மூன்று இடத்தில் வருகிறவர்களை வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்புவார்கள். நாலு குளிர்காலமாக அவன் அதற்காகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மே மாதத்திலேயே ஆபரேஷன் முடிந்தால் எப்படியாவது ஜனவரியைப் பிடித்துவிடலாம்.

"முதல்ல வீக்கம் வத்தணும். ரெண்டு வாரம் கழிச்சு அட்மிட் ஆகுங்க. அதுவரைக்கும் வீட்டுல ஐஸ் வையுங்க" என்றார் டாக்டர்.

பிலோமினா சிரித்துவிட்டாள். "ஐஸா? எங்களாண்ட வந்து ஐஸ் வைன்றியே டாக்டரு. இவரு ஐஸ் கம்பெனி, நானு மீன்காரி. நாங்க பொழைக்கிறதே அதுல தான்!"

டாக்டரும் சிரித்தார். துணியில் சுற்றி வைக்க வேண்டும், கொஞ்ச நேரத்தில் எடுத்துவிட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பார். அவர்மேல் தப்பு சொல்ல மாட்டேன். ஐஸ் பற்றி எங்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

காசிமேட்டில் நான் வேலை செய்யும் ஐஸ் கம்பெனியில் ஒரு பெரிய தொட்டி இருக்கிறது. அதில் இருப்பது உப்புத்தண்ணீர். அதற்குள்தான் நல்ல தண்ணீர் ஊற்றிய தகர டின்களை இறக்குவோம். டின்னுக்குள் இருக்கும் தண்ணீர் ஐஸ் பாராக இறுகிப்போகும். வெளியே இருக்கும் உப்புத்தண்ணீர் உறையாமல் அதைவிடக் குளிராக நிற்கும். உப்பு சேர்ந்தால் குளிர் கூடிவிடும். கையுறை இல்லாமல் நாங்கள் அந்தத் தொட்டிப் பக்கம் போவதில்லை. மீன்காரர்களுக்கும் இது தெரியும், வேறு விதமாகத் தெரியும். உடைத்த ஐஸ் ஒரு அடுக்கு, மேலே ஒரு கைப்பிடி கல்லுப்பு, மறுபடி ஐஸ், மேலே நனைத்த கோணி. அப்படிக் கட்டினால் மீன் சாயங்காலம் வரை விறைப்பாக இருக்கும். மீனுக்கு உயிர் இல்லை. அதற்கு அது நல்லது.

டாக்டர் ஐஸ் வைக்கச் சொன்ன மறுநாள் நான் வேலைக்குப் போயிருந்தேன். லாரன்ஸ் வலி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தான். பிலோமினா வியாபாரத்துக்குக் கிளம்பும் முன் அவன் முட்டியைச் சுற்றி ஐஸ் வைத்தாள். தான் வரும்வரை கரையாமல் நிற்கவேண்டும் என்று, கூடை கட்டுவதுபோலவே பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்கிறாள். ஐஸ், உப்பு, ஐஸ், உப்பு. நனைத்த கோணி. மேலே பிளாஸ்டிக் தாள். அடியில் ஒரு முடிச்சு.

அவன் பிறகு சொன்னான்: "மொதல்ல எரிஞ்சுது நைனா. அப்பால ஒண்ணுமே தெர்ல. வலியே இல்ல, ஷோக்கா கீதேன்னு தூங்கிட்டேன்."

நான் வந்து கோணியை எடுத்தபோது முட்டி வெள்ளையாக இருந்தது. தொட்டால் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த வஞ்சிரத்தைத் தொடுவதுபோல் இருந்தது. பிலோமினா கூடையோடு வாசலில் வந்து நின்றாள். நான் கோணியில் ஒட்டியிருந்த உப்பைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். சாயங்காலம் முட்டி சிவந்தது. காலையில் கொப்புளம்.

"யார் வச்சது இப்படி?" அவசரப் பிரிவில் டாக்டர் கேட்டார். அவருக்கு நல்ல கோபம்.

பிலோமினா வாயைத் திறந்தாள். அதற்குள் லாரன்ஸ், "நாந்தான் சார்" என்றான்.

"நீயா? பனியிலேயே கிடக்கிறவன் நீ. உனக்குத் தெரியாது?"

"கரையாம இருக்கட்டும்னு உப்பு போட்டுட்டேன் சார்."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். தோல் இப்படி இருக்கும்போது அதைக் கிழித்து உள்ளே போனால் கிருமி மூட்டுக்குள் இறங்கிவிடும், காலே கெட்டுப்போகும், புதுத்தோல் வரும்வரை கத்தி வைக்க முடியாது என்றார். எவ்வளவு நாள் என்று அவன் கேட்டான். தோலைத்தான் கேட்க வேண்டும் என்றார் அவர்.

வார்டில் எங்களுக்குப் பக்கத்துக் கட்டிலில் முனுசாமி என்று ஒருவர் இருந்தார். விம்கோ நகர்க்காரர். லாரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்து தொடை எலும்பு முறிந்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நகர முடியாது; ஆனால் வாய் ஒரு நிமிடம் ஓயாது. நான் நாலு வருடமாகக் கேட்காததையெல்லாம் அவர் நாலே நாளில் கேட்டுவிட்டார்.

"மாமு, நீ எந்தூர்ல கீற?"

"மனாலி."

"மணலியா? அங்க ஏதுபா பனி? கம்பெனி பொகதானே கீது?"

"அது இல்லண்ணே, இமாச்சல்ல கீற மனாலி."

"சரி, அங்க இன்னா வேல உனுக்கு?"

லாரன்ஸ் சாப்பாட்டுத் தட்டைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினான். இதுதான் மலை. மேலிருந்து கீழே வரை கொடிக்கம்பங்கள் நட்டிருப்பார்கள். இந்தப் பக்கம் ஒரு வரிசை சிவப்பு, அந்தப் பக்கம் ஒரு வரிசை நீலம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். ஒரே பலகை, அதில் இரண்டு காலையும் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் நிற்க வேண்டும். ஒவ்வொரு கொடியையும் சுற்றி வளைந்து வளைந்து வர வேண்டும். ஒரு கொடி விட்டாலும் ஆட்டம் போச்சு. தாவி வித்தை காட்டுகிற ஸ்னோபோர்டு வேறாம். இவனுடையது ஓட்டம் மட்டும்; ஆல்பைன் என்று பெயர். பலகை ஒல்லியாக, நீளமாக இருக்கும். பூட்ஸ் கல்போல இருக்கும். திரும்பும்போது பலகையின் விளிம்பு மட்டும்தான் பனியில் இருக்கும். உடம்பு தரையைத் தொடுகிற மாதிரி சாய்ந்துபோகும்.

"பலகைல நின்னுகினு வழுக்கினு வர்றதுக்கு கப்பு வேற குடுக்குறானா?" என்றார் முனுசாமி.

"குடுக்குறான்."

"எங்க தெருவுல மழ பேஞ்சா டெய்லி நாப்பது பேரு கப்பு வாங்கலாம்பா."

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். அதன்பிறகு அவன் சொன்னதையெல்லாம் தண்ணீர் பிடித்துவைப்பதுபோலவும் பழம் உரிப்பதுபோலவும் பாசாங்கு செய்துகொண்டு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டேன். வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன பழைய பலகை ஒன்று அந்தக் கடையில் கிடந்திருக்கிறது. விளிம்பு இரும்பு துருப்பிடித்து, நடுவில் விரிசல். கடைக்காரரின் தம்பி அதை ஒட்டிக்கொடுத்து ஓட்டவும் கற்றுக்கொடுத்திருக்கிறார். லிஃப்ட் கிடையாது. பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே நடந்து ஏற வேண்டும். இறங்குவது ஒரு நிமிடம்கூட இல்லை. முதல் போட்டியில் இவன்தான் கடைசி. இரண்டாம் வருடம் பாதி வழியில் கொடியை இடித்து வெளியே போய்விட்டான். மூன்றாம் வருடம் மூன்றாவது இடம். தமிழ்நாட்டுக்கு அப்படி ஒரு அணியே இல்லாததால் அந்த மலை மாநிலத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓட்டினான். இந்தப் பிப்ரவரியில் இறுதிச் சுற்று வரை வந்து, பக்கத்தில் இறங்கியவனைவிட முன்னால் போய்க்கொண்டிருந்தபோது, விளிம்பு பனியில் மாட்டியது. உடம்பு திரும்பியது, முட்டி திரும்பவில்லை. டப் என்று ஒரு சத்தம் கேட்டதாம்.

எங்கள் ஐஸ் கம்பெனி ஆட்கள் அவனைப் பார்க்க வந்தபோது, "எல்லாம் நம்ம கம்பெனி ஈரத்தரைல வழுக்கி வழுக்கிக் கத்துக்கினதுதான்" என்று பெருமையடித்தார்கள். லாரன்ஸ் சிரித்தான். "நம்ம கம்பெனில வழுக்காம இருக்கத்தாண்ணே கத்துக்கினேன். வழுக்குறதுக்கு அவ்ளோ தொலைவு போவ வேண்டியதாப் போச்சு."

டிரஸ்ஸிங் தினமும் நடந்தது. கொப்புளத்தின் செத்த தோலை எடுத்து, மருந்து தடவிக் கட்டுவார்கள். நர்ஸ் வரும்போது அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பான். கட்டு போட்டு முடித்ததும் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்ப்பான். மே போனது. ஜூனும் பாதி போனது. ஜனவரியைப் பற்றி அவனும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. முனுசாமியின் மனைவி எங்களுக்கும் சேர்த்துக் காப்பி கொண்டுவருவார். ஆபரேஷனுக்கான ஸ்க்ரூவை வெளியே வாங்கிவரச் சொல்லியிருந்தார்கள். அதை நினைத்து நான் தூங்காமல் கிடந்ததுண்டு. ஐஸ் கம்பெனியில் எல்லோரும் கொஞ்சம் போட்டார்கள். மீதியை மனாலிக் கடைக்காரர் அனுப்பிவிட்டார். நான் பார்த்தே இராத மனிதர்.

பிலோமினா மட்டும் மாறிப்போனாள். வார்டுக்கு வந்தால் சுவரோரமாக நிற்பாள். சோற்றைப் பிசைந்து என்னிடம் கொடுத்து, "நீ குடு" என்பாள். மீன் பெட்டியில் ஐஸ் மட்டும்தான் போட்டாள், உப்பு போடுவதை நிறுத்திவிட்டாள். மதியத்துக்குள் ஐஸ் கரைந்துவிடும். மீதி மீனைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு வருவாள். ஏன் என்று சந்தையில் கேட்டவர்களுக்கு அவள் பதில் சொல்லவில்லையாம். அவளைத் தெரிந்தவர்களுக்கு அதுதான் பெரிய ஆச்சரியம்.

புதுத்தோல் இளஞ்சிவப்பாக வந்தது. பெரிய டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்தார். தோல் தயார் என்றார். ஆனால் அவர் கட்டிலை விட்டு நகரவில்லை.

"லாரன்ஸ், இந்த ஆபரேஷன் தேவையான்னு யோசி. நடக்க, பஸ் ஏற, வேலைக்குப் போக அந்த லிகமெண்ட் இல்லாமலே சமாளிக்கலாம். தொடைக்கு எக்சர்சைஸ் செஞ்சா போதும். திரும்பப் பனியில ஓட்டணும்னாதான் ஆபரேஷன்."

"ஓட்டணும் சார்."

"அதான் எனக்கு பயம். நாலு மாசத்துல வலியே இருக்காது. ஆனா உள்ள வச்ச நார் அப்பதான் எலும்போட சேர ஆரம்பிக்கும். அந்த நேரத்துல நீ மலைக்கு ஓடினா அறுந்துடும். ஐஸ் வைன்னு சொன்னா உப்பைப் போட்டுக் கட்டிக்கிட்டு தூங்குற ஆளு நீ. அவசரக்காரன். உன்னை நம்பி எப்படிச் செய்யறது? இந்த இடத்தை எதிர்பார்த்து நிறைய பேர் காத்திருக்காங்க."

உப்பு போட்டது அம்மா என்று லாரன்ஸ் அப்போதும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் பெயர் அந்த நிமிடமே சரியாகியிருக்கும். அவன் கூரையைப் பார்த்தான். பேச வேண்டும் என்று நினைத்தேன். வழக்கம்போல நாக்கு ஒட்டிக்கொண்டது.

சுவரோரத்திலிருந்து பிலோமினா வந்தாள். கையில் டிபன் கேரியர்.

"டாக்டரு, அத்த வச்சது அவன் இல்ல. நானு."

"யம்மா, சொம்மா இரு" என்றான் லாரன்ஸ்.

"நீ சொம்மா இர்டா. மீன் கட்றாமாரி கட்னேன் டாக்டரு. உப்பு போட்டா ரொம்ப நேரம் நிக்கும்னு. அவன் மாத்திரை போட்டுகினு கெடந்தான். எனுக்காவ பொய் சொல்லிட்டு இத்தினி நாளா உங்கையால திட்டு வாங்கிகினு கீறான். அவன் அவசரக்காரன் இல்ல. சொன்ன பேச்சு கேக்குற புள்ள. எங்கம்மா வச்சா சரியாத்தான் இருக்கும்னு படுத்துகினு இருந்தான். அதான் அவன் பண்ண தப்பு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முட்டிக்குப் பின்னாடி ஒரு முடிச்சுத் தடம் இருந்துச்சும்மா" என்றார். "தன் காலுக்குத் தானே அவ்வளவு அழகா முடிச்சுப் போட முடியுமான்னு எனக்கும் ஒரு சந்தேகம்தான்." பிறகு மகன் பக்கம் திரும்பினார். "அப்ப நீ அவசரக்காரன் இல்ல. பொய்க்காரன்."

"பொய்க்காரன்னா ஆபரேஷன் உண்டுங்களா டாக்டரு?" என்றார் முனுசாமி.

"உண்டு. ஆனா ஜனவரி கிடையாது. அதுக்கடுத்த வருஷத்து பனிக்குத்தான் போகணும். இப்பவே சொல்லு, ஒத்துக்கிறியா?"

நாலு குளிர்காலம் அவன் நடந்து ஏறியதெல்லாம் அந்த ஜனவரிக்காகத்தான். லாரன்ஸ் சுவரில் தொங்கிய காலண்டரை ஒரு தடவை பார்த்தான்.

"சரி சார். ஜனவரி வாணாம்" என்றான்.

டாக்டர் போனதும் பிலோமினா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அத்தனை வாரத்தில் அன்றைக்குத்தான் உட்கார்ந்தாள். "உன் ஜனவரிய நான் துன்னுட்டேன்டா" என்றாள்.

"ஐய, போமா. ஜனவரி இன்னா, வருசா வருசம் வருது" என்றான் அவன். "இன்னா கொயம்பு? போடு."

ஆபரேஷன் ஜூலையில் நடந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்கிறார்கள். ஆள் விழித்துத்தான் இருக்கிறான். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் பெஞ்சில் இருந்த எல்லோரும் எழுந்தோம்; வேறு பெயரைக் கூப்பிட்டதும் உட்கார்ந்தோம். பிலோமினா ஜெபமாலையை உருட்டினாள். எனக்கு ஜெபம் ஓடவில்லை. தட்டில் அவன் காட்டிய மலையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே கொண்டுவந்தபோது அவன் முதலில் சொன்னது, "நைனா, டிரில்லு போட்ற சத்தம் எனுக்கே கேட்டுது."

வலியைவிடக் கஷ்டமானது அதற்குப் பிறகுதான். முட்டியை மடக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். படுத்தபடி குதிகாலைப் பின்னால் இழுக்க வேண்டும். ஒரு விரல்கடை மடங்கினாலே அவனுக்கு வேர்த்துவிடும். பயிற்சி முடிந்ததும் ஐஸ் வைக்க வேண்டும் என்று பயிற்சி கொடுக்கிறவர் சொன்னபோது நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் நல்லபடியாக விளக்கினார். வெறும் தோலில் கூடாது. தடித்த துணியில் சுற்றி வைக்க வேண்டும். கால்மணி நேரம் போதும். உப்பு கூடவே கூடாது. அதை அவர் எங்களுக்கென்றே இரண்டு தடவை சொன்னார்.

வீட்டில் நான்தான் ஐஸ் வைத்தேன். பிலோமினா அந்த நேரம் பார்த்துத் தெருவுக்குப் போய்விடுவாள். ஒருநாள் நான் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தபோது லாரன்ஸ், "நைனா வாணாம். அம்மா வைக்கட்டும்" என்று சத்தமாகச் சொன்னான். வாசலில் நின்றவளுக்குக் கேட்டது. உள்ளே வந்தாள். தன் பழைய புடவையை நாலாக மடித்தாள். அதன்மேல் ஐஸ் பையை வைத்தாள். பிறகு மகனின் முட்டிக்கும் புடவைக்கும் நடுவில் தன் உள்ளங்கையை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கைய எடும்மா, குளுரே எறங்கல."

"எனுக்குத் தெரியும், நீ படு."

கால்மணி நேரமும் அவள் கையை எடுக்கவில்லை. மறுநாளும் அப்படித்தான். அவன் முட்டிக்கு அந்த ஐசால் எவ்வளவு பயன் இருந்தது என்று எனக்குத் தெரியாது.

ஜனவரி வந்தது. தேர்வு ஓட்டம் நடந்த அன்று லாரன்ஸ் அம்மாவோடு சந்தைக்குப் போய்த் தராசு பிடித்தான். யார் யார் ஜெயித்தார்கள் என்று மனாலியிலிருந்து போன் வந்தது. கேட்டுவிட்டு, "நல்லா ஓட்டுவான் அவன்" என்று மட்டும் சொன்னான். அன்று சரியாகச் சாப்பிடவில்லை. ஏப்ரலில் டாக்டர் அவனை ஒற்றைக்காலில் குதிக்கவைத்துப் பார்த்தார். நவம்பரில் ரயில் ஏறினான்.

அந்தக் குளிர்காலத்துத் தேர்வு ஓட்டம் முடிந்த சாயங்காலம் தெருமுனை போன் பூத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். இருவரும் ஓடினோம். நான்தான் போனை வாங்கினேன். அவன் சொல்லும்வரை காத்திருக்காமல் நானே கேட்டேன்: "இன்னாப்பா ஆச்சு?"

"நாலாவது நைனா."

"மூணு பேரத்தானே எடுப்பாங்க?"

"ஆமா. அடுத்த வாட்டி பாத்துக்கலாம். கீழ வரைக்கும் ஒரு கொடி வுடாம வந்தேன். முட்டி கம்முனு இருந்துது."

அவன் குரலில் வருத்தம் இருந்தது. ஆனால் அது ஜெயிக்காதவனின் வருத்தம்; ஓட்ட முடியாதவனின் வருத்தம் இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அந்த ஆஸ்பத்திரியில் தெரிந்துபோயிருந்தது. பிறகு அவன் சிரித்தான். ராத்திரி எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, தங்களுக்குப் பனிக்கடி பட்ட இடத்தைக் காட்டிக்கொண்டார்களாம். ஒருவனுக்குக் காது, ஒருவனுக்குக் கால்விரல். இவன் பேண்டைத் தூக்கி முட்டியைக் காட்டியிருக்கிறான். டாக்டர் போட்ட சிறு கோட்டுக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்த தோல். இவ்வளவு பெரியதை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. எந்த மலை என்று கேட்டார்களாம்.

"ராயபுரம்னேன். எவ்ளோ ஒசரம்னு கேக்குறான் நைனா!"

"நீ இன்னா சொன்ன?"

"எங்கம்மா ஒசரம்னேன்."

பிலோமினா காதை ஒட்டவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ரிசீவரைப் பிடுங்கினாள். "கய்தே, சொட்டர் போட்டுகினியா? போன வையி, காசு ஓடுது" என்று வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். வாசலில் கவிழ்த்து வைத்திருந்த மீன் பெட்டியை நிமிர்த்தித் துடைத்துக்கொண்டே, அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"இந்தாய்யா, நாளிக்கு வேலைலேர்ந்து வர்றப்ப ஒரு படி கல்லுப்பு வாங்கியாந்துடு."